பிரேக் இன்ஸ்பெக்டருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மோட்டார் வாகன ஆய்வாளர் அவர்களுக்கு,

வணக்கம். அரசாங்க ஏட்டில் உங்கள் பதவிக்கு என்ன பெயர் இருந்தாலும், எங்கள் கோயமுத்தூர்ப் பக்கம் பெரியவர்கள் வாயில் நீங்கள் இன்னமும் பிரேக் இன்ஸ்பெக்டர்தான். லைசென்ஸ் எடுக்கப் போகிற பையனிடம், "பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னாடி கால் ஊனாம எட்டுப் போடு" என்றுதான் சொல்லி அனுப்புவார்கள். எனக்கும் அந்தப் பழைய பெயர்தான் பிடித்திருக்கிறது. என் வண்டியின் பிரேக்கை நீங்கள் பார்க்க வேண்டும் என்று கேட்கத்தான் இந்த மடல். உங்களுக்கு மேலே இருக்கும் போக்குவரத்து ஆணையரும், விதி எழுதுகிற டெல்லி அமைச்சகமும் கூடவே படித்தால் சந்தோஷம்.

முதலில் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் வீட்டு மொட்டை மாடியில், தகரக் கொட்டகைக்குள், நானும் என் அக்கா மகனும் சேர்ந்து கட்டிய கரண்ட் சைக்கிள் ஒன்று கொக்கியில் தொங்குகிறது. மலைச் சைக்கிள் சாதிதான். இரண்டு பக்கமும் சஸ்பென்ஷன், அகலமான டயர். பின் சக்கரத்து நடுவில் பதினைந்து கிலோவுக்கு ஒரு ஹப் மோட்டார். அதன் மேல் 3,000 வாட் என்று எழுதியிருக்கிறது. பாட்டரி 72 வோல்ட் ரகம். பாட்டரியிலிருந்து மோட்டாருக்குக் கரண்டை அளந்து விடுகிற கன்ட்ரோலர் 40 ஆம்பியர் வரை விடும். பெருக்கிப் பார்த்தால் 2,880 வாட். ஏறி உட்கார்ந்தவனோடு சேர்த்து எடை 120 கிலோ. நான் முப்பது வருடமாகப் பம்ப் செட் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன். இந்த ஊரில் பத்து வீட்டுக்கு ஒரு லேத் ஓடும், தெருவுக்கு ஒரு வெல்டிங் பட்டறை இருக்கும். இப்படிப்பட்ட ஊரில் ஒரு ஹப் மோட்டார் கைக்குக் கிடைத்தால் சும்மா இருக்க முடியாது என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

அது ரோட்டில் ஓடுவதில்லை. மச்சானின் தோட்டத்தில், வேலிகளுக்கு நடுவே போகும் இட்டேரியிலும் அதற்கு அப்பால் இருக்கும் கரட்டிலும்தான் ஓடுகிறது. டெம்போவில் ஏற்றிக் கொண்டுபோய், ஓட்டிவிட்டு, ஏற்றிக் கொண்டு வருகிறோம். ஒரே ஒரு முறை ரோட்டில் ஓடியது. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

விதி எனக்குத் தெரியும். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989, விதி 2(u). மோட்டாரின் முப்பது நிமிட சக்தி 0.25 கிலோவாட்டுக்குக் கீழே, வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் கீழே இருந்தால் அது மோட்டார் வாகனம் ஆகாது. பதிவு வேண்டாம், லைசென்ஸ் வேண்டாம். அதைத் தாண்டினால் மோட்டார் வாகனம். அப்புறம் பதிவு, இன்சூரன்ஸ், லைசென்ஸ், ஹெல்மெட் எல்லாம் வந்துவிடும். இதில் எனக்குச் சண்டை இல்லை. அறுபதில் போகும் சக்தி உள்ள எதற்கும் நம்பர் பிளேட் வேண்டும் என்பதில் நான் உங்கள் கட்சி.

ஆனால் அந்த விதியில் ஒரு வரியை மக்கள் படிப்பதே இல்லை. 250 வாட்டுக்குக் கீழே இருந்தாலும், அதை விதி 126-இல் சொன்ன சோதனை நிறுவனம் ஒன்று சரிபார்த்து ஒப்புதல் தந்திருக்க வேண்டும். அப்படியென்றால், பழைய சைக்கிளில் 250 வாட் கிட் மாட்டி மார்க்கெட்டுக்குப் போகிற தாத்தாவின் வண்டியும் எழுத்துப்படி பார்த்தால் விலக்குக்குள் வராது. அவரை யாரும் பிடிப்பதில்லை. பிடிக்கவும் கூடாது. என்றாலும் வீட்டில் கட்டிய ஒற்றை வண்டிக்கு, சின்னதோ பெரியதோ, உங்கள் புத்தகத்தில் ஒரு பக்கம்கூட இல்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

பக்கம் இருக்குமா என்று தேடிப் போய்ப் பார்த்தேன். ஒரு வட்டாரப் போக்குவரத்து அலுவலகம். எது என்று சொல்ல மாட்டேன், அங்கிருந்தவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. மூன்று கவுன்ட்டர் மாறினேன். கடைசியில் ஒருவர் பொறுமையாகக் கேட்டார். பதிவுக்கு ஃபார்ம் 20 எழுதிக் கொடுங்கள், கூடவே கம்பெனி தரும் ஃபார்ம் 21, ஃபார்ம் 22 வேண்டும் என்றார். 21 விற்பனைச் சான்று. 22 வண்டி ரோட்டுக்குத் தகுதியானது என்று தயாரிப்பாளர் தரும் சான்று. "தயாரிச்சது நான்தானுங்க, நானே கையெழுத்துப் போட்டுத் தரட்டுங்களா?" என்றேன். அவர் சிரித்துவிட்டார். ஏளனமான சிரிப்பு இல்லை அது. "அண்ணா, டைப் அப்ரூவல் வாங்கிட்டு வாங்க" என்றார்.

டைப் அப்ரூவல் என்றால் என்ன என்று வீட்டுக்கு வந்து படித்தேன். மாதிரி வண்டியைச் சோதித்துப் பார்த்து அந்த மாடல் முழுவதற்கும் தருகிற ஒப்புதல் அது. ஆயிரக்கணக்கில் வண்டி செய்து விற்கும் கம்பெனிக்கு அது மிகச் சரியான ஏற்பாடு. பாட்டரிக்கு மட்டும் எத்தனை சோதனை! அதிர வைப்பார்கள், சூட்டுக்கும் குளிருக்கும் மாற்றி மாற்றித் தள்ளுவார்கள், ஷார்ட் பண்ணுவார்கள், அளவுக்கு மேல் சார்ஜ் ஏற்றுவார்கள், நெருப்பில் காட்டுவார்கள். இதற்கெல்லாம் பல பாட்டரிகளைக் காவு கொடுக்க வேண்டும். என்னிடம் இருப்பது ஒரே பாட்டரி. அதை எரித்துப் பார்த்து நல்ல பாட்டரி என்று சான்று கொடுத்தால் நான் அப்புறம் எதை மாட்டிக்கொண்டு ஓட்டுவது? செலவும் லட்சக்கணக்கில் போகும். ஒரு வண்டிக்கு.

ஆக, 250 வாட்டுக்கு இந்தப் பக்கம் இருந்தால் சைக்கிள். அந்தப் பக்கம் இருந்தால் தொழிற்சாலை. நடுவில் பட்டறைக்காரன் நிற்க இடமில்லை. இடமில்லாதவன் என்ன செய்கிறான் என்று சொல்கிறேன். ஸ்டிக்கர் ஒட்டுகிறான்.

இதுதான் அந்த ஒரு முறைக் கதை. சென்ற வருடம் டெம்போ வராத ஒரு நாள், தோட்டத்திலிருந்து மெயின் ரோடு வழியாக இரண்டு கிலோமீட்டர் மெதுவாக ஓட்டி வந்தேன். வண்டிச் சோதனை நடந்துகொண்டிருந்தது. நிறுத்தினார்கள். ஓர் அதிகாரி டார்ச் அடித்து மோட்டாரைப் பார்த்தார். அங்கே பளபளவென்று "250 வாட்" என்று ஒரு ஸ்டிக்கர். சத்தியமாக அதுவரை எனக்கே தெரியாது. மாப்பிள்ளை, அதுதான் அக்கா மகன், பிரிண்ட் எடுத்து ஒட்டியிருக்கிறான். அதிகாரி தலையாட்டினார், போகச் சொன்னார். ஒரு கையால் வண்டியைத் தூக்கிப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். பிரேக்கைப் பிடித்துப் பார்க்கவில்லை. டயரைப் பார்க்கவில்லை. பாட்டரி எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று கேட்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் மாப்பிள்ளையைக் கூப்பிட்டுக் கேட்டேன். "எல்லாரும் ஒட்டறாங்க மாமா, அதைத்தானுங்க அவங்க பார்க்கறாங்க" என்றான். எனக்குப் பதில் வரவில்லை. ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்தோம். அன்றைக்கு நியாயமாக எனக்கு விழுந்திருக்க வேண்டிய அபராதத்தை இப்போது கேட்டாலும் கட்டுகிறேன்.

வாட் என்ற சொல்லைப் பற்றி, காயில் கட்டுகிறவன் என்ற உரிமையில், கொஞ்சம் சொல்ல வேண்டும். பலருக்கு அது மோட்டாரின் பிறவிக் குணம் மாதிரித் தோன்றுகிறது. உண்மையில் அது சூட்டுக் கணக்கு. செம்புக் கம்பியில் ஆம்பியர் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்காகும். வார்னிஷ் கருகாமல் அந்தச் சூட்டை எவ்வளவு நேரம் தாங்கும் என்பதுதான் கேள்வி. அதனால்தான் விதியில் "முப்பது நிமிட சக்தி" என்று எழுதியிருக்கிறார்கள். எழுதியவர் விவரம் தெரிந்தவர். 250 வாட் என்று முறையாகச் சான்று பெற்ற ஐரோப்பிய மிட் டிரைவ் மோட்டார்களே, பெடல் பக்கத்தில் உட்கார்ந்திருக்குமே அவை, ஏற்றத்தில் கொஞ்ச நேரத்துக்கு 600 வாட் வரை கொடுக்கும். அதில் சட்ட மீறல் இல்லை. அதே மாதிரி என் 3,000 வாட் மோட்டாரை 10 ஆம்பியர் கன்ட்ரோலரில் மாட்டினால் அது பூனை மாதிரி நடக்கும். சக்தியை முடிவு செய்வது பாட்டரி வோல்ட்டும் கன்ட்ரோலர் ஆம்பியரும். அந்த ஆம்பியரை மொபைலில் ஆப் திறந்து மாற்றலாம். சாலையில் நீங்கள் பார்க்கும் நேரத்தில் 25-இல் ஓடும்; நீங்கள் திரும்பியதும் பொத்தானை மூன்று முறை அழுத்தினால் 60. இப்படி ரகசிய வசதியோடு கன்ட்ரோலர்கள் கடையிலேயே கிடைக்கின்றன. ஸ்டிக்கரைப் பார்ப்பது எந்த அளவுக்கு வீண் என்பதற்கு இது போதும்.

எதற்கு ஐயா உங்களுக்கு இவ்வளவு சக்தி என்று கேட்பீர்கள். பாதி பதில் ஆசை. மறைக்க மாட்டேன். மீதிப் பாதி மேடு. மச்சான் தோட்டத்துக் கரடு சில இடத்தில் நூறு அடிக்குப் பதினைந்து அடி ஏறும். 120 கிலோவை அந்த ஏற்றத்தில் மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்தில் இழுக்கச் சக்கரத்தில் ஏறக்குறைய 670 வாட் வேண்டும். 250 வாட் மோட்டாரோடு நான் மூச்சு முட்ட மிதித்து ஒரு 100 வாட் சேர்த்தாலும் வேகம் ஆறு கிலோமீட்டர். இறங்கித் தள்ளினாலும் அதே வேகம்தான். அதிலும் ஹப் மோட்டாருக்கு மாற்றிப் போடுகிற கியர் கிடையாது. மெதுவாகச் சுற்றும்போது தின்கிற கரண்டில் பெரும்பகுதி சூடாகத்தான் போகும். சின்ன மோட்டாரை மேட்டில் ஓட்டிக் கருக்கிக் கொண்டுவந்து என்னிடமே காயில் கட்டக் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். இதில் ஒரு யூரியா மூட்டையையும் ஏற்றினால் இன்னும் 45 கிலோ.

ஆனால் ஏறுவது எப்போதுமே சுலபமான பாதி. இறங்குவதில்தான் உங்கள் பழைய பெயரின் அருமை தெரியும்.

மணிக்கு 25 கிலோமீட்டரில் போகும் இந்த வண்டியை நிறுத்த பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் ஏறத்தாழ 2,900 ஜூல். அறுபதில் போனால் 16,700. வேகம் இரண்டரை மடங்குகூட ஏறவில்லை, பிரேக்கின் வேலை ஆறு மடங்கை நெருங்கிவிட்டது. கண்ணில் பட்டு, மூளைக்கு எட்டி, கை பிரேக்கைப் பிடிக்க ஒரு விநாடி என்று வையுங்கள். நல்ல பிரேக், காய்ந்த ரோடு என்றால் 25-இல் 11 மீட்டரில் நிற்கலாம். அறுபதில் 40 மீட்டர். சாதாரண சைக்கிளின் ரப்பர்க் கட்டை பிரேக் அந்த இரண்டாவது கணக்குக்குச் செய்ததே இல்லை.

மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி 33 கிலோமீட்டர். உயர வித்தியாசம் சுமார் 1,450 மீட்டர். நான் அந்த மலையில் இந்த வண்டியை ஏற்றியதில்லை. நம்பர் பிளேட்டோடு ஒரு நாள் ஏற வேண்டும் என்பது ஆசை, அதனால் கணக்கு மட்டும் போட்டு வைத்திருக்கிறேன். நானும் கூடவே மிதித்தால் மேலே ஏறப் பாட்டரியில் 700 வாட் மணி இருந்தால் போதும். என்னிடம் அதைப் போல இரண்டு மடங்கு இருக்கிறது. கீழே இறங்கும்போது அந்த உயரம் திருப்பித் தரும் ஆற்றல் ஐந்து லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கும். காற்றும் டயரும் கொஞ்சம் வாங்கிக்கொண்டாலும் மிச்சச் சூடு முழுக்கக் கையகல டிஸ்க் பிரேக் தகடு இரண்டின் தலையில் விழும். அதனால் 203 மில்லிமீட்டர் தகடு போட்டேன், நான்கு பிஸ்டன் ஹைட்ராலிக், முன்னும் பின்னும். ஹப் மோட்டாரையே பிரேக்காக்கி, இறங்கும்போது பாட்டரிக்குச் சார்ஜ் அனுப்பலாம். அதில் ஒரு சூட்சுமம் உண்டு. மலை மேலே ரூம் எடுத்துத் தங்கி, இரவெல்லாம் சார்ஜ் போட்டு, காலையில் நிறைந்த பாட்டரியோடு இறங்கினால் அந்தக் கரண்டை வாங்கிக்கொள்ளப் பாட்டரியில் இடமிருக்காது. கன்ட்ரோலர் மோட்டார் பிரேக்கை நிறுத்திவிடும். முதல் கொண்டை ஊசி வளைவில், இருக்கும் என்று நம்பிய பிரேக் இருக்காது. இதை எந்த விற்பனையாளரும் சொல்லிக் கேட்டதில்லை.

இப்போது தொங்குவது இரண்டாவது வண்டி. முதல் வண்டியின் கதை என் வலது முட்டியில் ஆறு தையலாக இருக்கிறது. ஒரு சாதாரண கியர் சைக்கிளில் 1,500 வாட் மோட்டார் மாட்டினோம். ஹப் மோட்டாரில் அச்சு சுற்றக்கூடாது, சக்கரம்தான் சுற்றும். அச்சைத் திரும்ப விடாமல் பிடித்திருப்பது ஃபிரேமின் கவட்டையும் இரண்டு நட்டும்தான். அந்தக் கவட்டை மனிதன் மிதிக்கிற சக்கரத்துக்குச் செய்த நாலு மில்லிமீட்டர் தகடு. ஒரு நாள் ஏற்றத்தில் த்ராட்டிலை, அதாவது ஆக்சிலேட்டர் கைப்பிடியை, திருகியபோது நட்டு இளகி, அச்சு கவட்டையை அகட்டிக்கொண்டு சுற்றியது. அச்சின் ஓட்டை வழியாக வரும் மூன்று பேஸ் ஒயரும் முறுக்கி, தோல் உரிந்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. மோட்டாரில் மூன்று பேஸும் ஷார்ட் ஆனால் என்ன ஆகும் என்று எனக்கு முப்பது வருடமாகத் தெரியும்: சக்கரம் இறுகும். அன்றைக்குத் தெரிந்த விதம் வேறு. இப்போது 8 மில்லிமீட்டர் இரும்புத் தகட்டை வயர் கட் மெஷினில் வெட்டி, அச்சின் தட்டைப் பக்கத்தை இறுக்கமாகக் கவ்வுகிற மாதிரி இரண்டு பக்கமும் டார்க் ஆர்ம் மாட்டியிருக்கிறேன். சோதனைக்கு வருகிறவர் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. ஐந்து நிமிட வேலை.

த்ராட்டிலையும் பார்க்க வேண்டும். கைப்பிடிக்குள் காந்தத்தை உணர்கிற ஒரு ஹால் சென்சார். திருகாமல் இருந்தால் 0.8 வோல்ட், முழுக்கத் திருகினால் 4 வோல்ட்டுக்குப் பக்கம். மூன்று ஒயரில் கறுப்பு மட்டும் அறுந்தால் சிக்னல் நேராக 5 வோல்ட்டுக்கு ஏறும். கேவலமான கன்ட்ரோலர் அதை "முழு வேகம்" என்று புரிந்துகொள்ளும். ஸ்டாண்டில் நிறுத்தி வைத்து ஹேண்டில்பாரைத் திருப்பிய ஒரு சாயங்காலம் அந்த ஒயர் இழுபட்டு அறுந்தது. சக்கரம் தரையைத் தொடாமல் இருந்ததால் தப்பினோம். அந்தச் சத்தத்துக்கு எதிர்வீட்டு அம்மா வெளியே ஓடி வந்தார். 4.5 வோல்ட்டைத் தாண்டினால் கரண்டை வெட்டுகிற கன்ட்ரோலராக மாற்றினேன். பிரேக் லீவரைத் தொட்டாலே மோட்டார் நிற்க வேண்டும். அதோடு மணிக்கட்டில் ஒரு கயிறு. விழுந்தால் கயிறு சாவியைப் பிடுங்கும், எல்லாம் அணையும். அந்தச் சாவியை நம்ம வீட்டு எம்.சி.பி.-யை வைத்துச் செய்கிற புத்திசாலிகள் இருக்கிறார்கள். ஏசி கரண்ட் விநாடிக்கு நூறு முறை பூஜ்ஜியத்தைத் தொட்டுப் போகும். ஸ்விட்ச் பிரிந்ததும் பொறி தானாக அறும். டிசியில் பூஜ்ஜியமே வராது. பொறி நின்று எரியும், ஸ்விட்ச் உருகும்.

பாட்டரிக்கு வருகிறேன். இதில்தான் நானும் தலைகுனிய வேண்டும். முதல் பாட்டரியை உக்கடத்தில் பழைய லேப்டாப் செல்களைப் பொறுக்கி வந்து கட்டினேன். ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராக இணைத்த இருபது வரிசை, 84 வோல்ட் வரை சார்ஜ். ஒவ்வொரு வரிசையையும் தனித்தனியாகக் கண்காணித்து, எல்லை மீறினால் கரண்டை வெட்டுகிற பி.எம்.எஸ். என்ற பாதுகாப்புப் பலகையைப் போடவில்லை, அந்தப் பணத்தை மிச்சம் பிடித்தேன். பழைய செல் என்பதால் ஒரு வரிசை மட்டும் உட்கார்ந்தபடியே வடிந்துகொண்டிருந்தது. அது 3 வோல்ட்டில் முடங்கினால் சார்ஜருக்குத் தெரியாது. மொத்தம் 84 வந்ததா என்று மட்டும் பார்க்கும். மீதி பத்தொன்பதும் 4.2-ஐத் தாண்டி 4.26-க்கு ஏறும். ஒரு நாள் இரண்டு நாள் தாங்கும். பெட்டி சூடாக இருக்கிறது என்று மாப்பிள்ளை சொன்ன இரவு, அதைத் தூக்கி மாடியில் மணல் குவியலில் புதைத்துவிட்டு விடிய விடியப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். புகை மட்டும் வந்தது. அவ்வளவோடு போனது எங்கள் அதிர்ஷ்டம்.

2022 மார்ச்சில் வேலூரில் இரவில் சார்ஜ் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் எரிந்து, அந்தப் புகையில் ஒரு தகப்பனும் பதின்மூன்று வயது மகளும் இறந்துபோனதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த வருடம் அடுத்தடுத்துப் பல வண்டிகள் எரிந்த பிறகுதான் பாட்டரிக்கான ஏ.ஐ.எஸ். 156 தரத்தைக் கடுமையாக்கினார்கள். அது கடையில் வாங்கிய வண்டி என்று சுட்டிக்காட்டித் தப்பிக்க நான் இதைச் சொல்லவில்லை. மணல் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்த இரவு முழுக்க எனக்கு அந்தப் பெண் குழந்தை ஞாபகம்தான். மறுநாள் வீட்டுக்குள் சார்ஜ் போடுவதில்லை என்று முடிவு செய்தோம். இப்போது இருப்பது இரும்பு பாஸ்பேட் செல், 24 வரிசை, பில்லோடு வாங்கிய புதுசு. லேப்டாப் ரகத்தை விடக் கனம் அதிகம், ஆனால் சூட்டுக்கு அவ்வளவு சீக்கிரம் வெறி பிடிக்காது. பி.எம்.எஸ். உண்டு, டிசி ஃபியூஸ் உண்டு. செல்களை இணைக்கும் நிக்கல் பட்டையை உப்புத் தண்ணீரில் இரண்டு நாள் ஊறப்போட்டுப் பார்த்துத்தான் போட்டோம். துரு பிடித்தால் அது நிக்கல் பூசிய இரும்பு. பெரும்பாலும் துரு பிடிக்கிறது.

இத்தனையும் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. முட்டியும் மணலும் சொல்லித் தந்தன. இந்த மாவட்டத்தில் மட்டும் இன்றைக்கு எத்தனை மாடியில் எத்தனை பிள்ளைகள் இப்படிக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. அவர்கள் உங்களிடம் வர மாட்டார்கள். வந்தால் வண்டி பறிபோகும் என்று தெரியும். பாலிடெக்னிக் வாத்தியாரிடமும் காட்ட மாட்டார்கள். ஸ்டிக்கர் ஒட்டிவிட்டு ராத்திரி பதினொரு மணிக்குப் பைபாஸில் ஓட்டுவார்கள். ஹெல்மெட் போட்டால் மோட்டார் வண்டி என்று தெரிந்துவிடும் என்று ஹெல்மெட்டும் போட மாட்டார்கள்.

வழி இல்லை என்று சொல்லாதீர்கள். மும்பையில் அமோல் யாதவ் என்ற விமானி அடுக்குமாடிக் கட்டடத்தின் மொட்டை மாடியில் ஆறு பேர் உட்காரும் விமானம் கட்டினார். வருடக்கணக்கில் அலைந்தார், கடைசியில் 2017-இல் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் அதற்குப் பதிவெண் கொடுத்தது. மாடியில் கட்டிய விமானத்துக்கு இந்த நாட்டில் பதிவெண் கிடைக்கும், மாடியில் கட்டிய சைக்கிளுக்குக் கிடைக்காது! பழைய பெட்ரோல் வண்டியில் அங்கீகாரம் பெற்ற மின்சாரக் கிட் மாட்டி ஆர்.சி.-யில் மாற்றி எழுதவும் நீங்கள் வழி வைத்திருக்கிறீர்கள். பிரிட்டனில் ஒற்றை மோட்டார் சைக்கிளுக்கென்றே தனிச் சோதனை இருக்கிறது. தானே கட்டியவன் ஓட்டிக்கொண்டு போய்க் காட்டி, தேறினால் பதிவு செய்துகொள்ளலாம். ஐரோப்பாவில் 25-க்கு மேலே 45 வரை ஒரு நடு வகுப்பு வைத்திருக்கிறார்கள், நம்பர் பிளேட்டும் இன்சூரன்ஸும் உண்டு. அமெரிக்காவில் 750 வாட் வரை சைக்கிள் என்றே ஒத்துக்கொள்கிறார்கள். அவ்வளவு தாராளம் நமக்கு வேண்டாம் என்பது என் கருத்து. நம் ரோட்டில் மாடும் நாயும் குறுக்கே வரும்.

நான் கேட்பது சின்னது. மாதத்தில் ஒரு சனிக்கிழமை, மாவட்டத்துக்கு ஓர் இடம். ஒரகடத்துச் சோதனை மையம் வரை போக வேண்டியதில்லை. இங்கே பொறியியல் கல்லூரிக்கா பஞ்சம், ஏதாவது ஒன்றின் பின்பக்க மைதானம் போதும். ஒற்றை வண்டி, கட்டியவன் பெயரில் மட்டும், விற்கத் தடை. நீங்கள் ஓடவிட்டு, பிரேக் பிடிக்கச் சொல்லி, டேப் வைத்து அளங்கள். டார்க் ஆர்மைப் பாருங்கள். த்ராட்டில் ஒயரை உங்கள் கையால் பிடுங்குங்கள், மோட்டார் நிற்கிறதா பாருங்கள். பாட்டரிக்கு பி.எம்.எஸ்., ஃபியூஸ், செல் வாங்கிய பில் கேளுங்கள். ஃபிரேமில் எண் குத்துங்கள். வேகத்தை 45-இல் கட்டி, கன்ட்ரோலர் பெட்டிக்கு ஆட்டோ மீட்டருக்குப் போடுகிற மாதிரி கம்பியும் ஈயமும் வைத்துச் சீல் போடுங்கள். சீல் உடைந்திருந்தால் வண்டியைப் பறிமுதல் செய்யுங்கள், நான் கேள்வி கேட்க மாட்டேன். எங்களுக்கு 3,000 வாட்டையும் ரோட்டில் விட அனுமதி வேண்டியதில்லை. மேட்டில் இழுக்கிற விசை இருந்தால் போதும், வேகத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பக்கத்துக் குறையும் உண்டு. இதைச் சொன்னால் கூட்டாளிகள் கோபித்துக்கொள்வார்கள். மலைச் சைக்கிள் என்று பெயர் வைத்ததாலேயே காப்புக் காட்டுக்குள் புகுந்து ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அதற்கு வனத்துறை எவ்வளவு அபராதம் போட்டாலும் தகும். தடாகம், மருதமலைப் பக்கம் யானை நடமாட்டம் உங்களுக்குத் தெரியும். பெட்ரோல் வண்டி சத்தத்துக்கு யானை ஒதுங்கும், நமக்கும் நேரம் கிடைக்கும். இந்த வண்டி சத்தமே இல்லாமல் பத்தடி பக்கத்தில் போய் நிற்கும். நம்பர் பிளேட் கொடுக்கும் நாளில் ஒரு மணியையும் கட்டாயமாக்குங்கள்.

விதி டெல்லியில் இருக்கிறது, எங்களால் என்ன செய்ய முடியும் என்று நீங்கள் சொல்லலாம். சரிதான். ஆனால் டெல்லிக்கு எழுதும்போது உங்கள் எழுத்துக்கு இருக்கும் மதிப்பு என் எழுத்துக்கு இல்லை. சோதனையில் நிறுத்தி, தூக்கிப் பார்த்து, இது 250 வாட் இல்லை என்று தெரிந்தும் என்ன எழுதுவது என்று தெரியாமல் அனுப்பிவிட்ட வண்டிகள் உங்கள் கண்ணிலும் பட்டிருக்கும். அவற்றைப் பற்றி ஒரு பக்கம் எழுதி மேலே அனுப்புங்கள்.

எழுதுவதற்கு முன் ஒரு வண்டியை நேரில் பார்க்க வேண்டும் என்று தோன்றினால் என் மாடிக்கு வரலாம். சீருடையில்தான் வர வேண்டும் என்றாலும் சரி. பாட்டரி கழற்றிப் பாதிச் சார்ஜில் இரும்புப் பெட்டிக்குள் இருக்கிறது. மணல் வாளி பக்கத்திலேயே இருக்கிறது. போன வாரம்தான் இரண்டு பக்கமும் புது பிரேக் பேட் போட்டேன், இன்னும் தகட்டில் உட்காரவில்லை. தோட்டத்து இறக்கத்தில் ஓர் இருபது முறை பிடித்துப் பிடித்து விட வேண்டும். நீங்கள் வருவதற்குள் முடித்து வைக்கிறேன்.

இப்படிக்கு,
மோட்டார் காயில் கட்டும் ஒருவன்,
கோயமுத்தூர்.